நாரி நோவுக்கு நாலரைப் புள்ளி

கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் என்ற ஊரில் இருக்கிற வாமதேவன் தன் வாழ்நாளில் எவருக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. ஒன்பதும் போட்டதில்லை. எட்டரை மட்டும் ஒரே ஒருமுறை போட்டிருக்கிறார். அதை யாருக்குப் போட்டார் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதனால் அவர் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை.

ஆளைப் பார்த்தால் அப்படியொரு கல்நெஞ்சுக்காரர் என்று சொல்ல முடியாது. ஐம்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, யாரைக் கண்டாலும் முதலில் சிரிக்கிற முகம். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் பதிப்பது தொழில். தொண்ணூற்றொன்றில் சுவிஸுக்குப் போய் அங்கே இந்த வேலையைப் பழகினார். பிறகு மகள் கோசிகா இங்கிலிஷில் படிக்கட்டும் என்று 2005இல் குடும்பத்தோடு லண்டனுக்குப் பெட்டி கட்டினார். சுவிஸிலிருந்து ஒரு ரசமட்டத்தையும் அந்த ரசமட்டத்தின் குணத்தையும் கூடவே கொண்டுவந்தார். குமிழி நட்டநடுவில் நிற்காவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

இந்தக் குணத்தை அவர் டைல்ஸோடு நிறுத்தியிருந்தால் கிழக்கு லண்டன் தமிழ்ச்சனம் நிம்மதியாக இருந்திருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் அவரைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் பேச்சுப்போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப ஒருவராலும் முடியவில்லை. பத்தொன்பது வருடங்களாகப் பென்சிலும் கையுமாக முன்வரிசையில் இருக்கிறார். ஒருமுறை ஒரு சின்னப்பெண் பேசியதைக் கேட்டு மண்டபமே கண்ணைத் துடைத்தது, இவரும்தான் துடைத்தார். துடைத்துவிட்டு ஏழரை போட்டார். மூன்றாவது நிமிடத்தில் பிள்ளை எச்சில் விழுங்கியதாம். சொந்த மகளுக்கு ஆறு. வாமதேவன் நடுவர் என்று தெரிந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்ளும் தாய்மார் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கேட்டால் அவரிடம் நியாயம் தயாராக இருக்கும்.

"பத்து எண்டால் அதுக்கு மேலை ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம். நாளைக்கு இதைவிட நல்லா ஒரு பிள்ளை வந்து பேசினால் நான் எங்கை போறது?"

இப்படிப்பட்ட ஒருவருக்கு நோ, வலி என்று ஒன்று வரக்கூடாது. வந்துவிட்டது. ஆறு வருடங்களுக்கு முன் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சமையலறையில் முழங்காலில் நின்று கடைசி வரிசையைப் பதித்துவிட்டு எழும்பப் பார்த்தார். மேல்பாதி எழும்பியது, கீழ்பாதி மறுத்துவிட்டது. நாரியில், அதாவது முதுகு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தில், ஒரே பிடிப்பு. இரண்டு நாளில் போய்விடும் என்றார். அதுவோ போகிற எண்ணத்தோடு வரவில்லை, குடியிருக்க வந்திருந்தது.

லண்டனில் ஒரு தமிழர் நாரி நோ என்று வாய் திறந்தால் போதும், அந்த நிமிடமே சுற்றியுள்ள அத்தனைபேரும் டாக்டர்கள். ஒருவர் எண்ணெய் என்றார், ஒருவர் முருங்கையிலை என்றார். ஜெர்மனியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் குதிரைக்குப் பூசுகிற களிம்பு ஒரு போத்தல் தந்துவிட்டுப் போனார். வாமதேவன் அதை மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் பூசினார். பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் ஒருவரும் இருக்கவில்லை என்பதைத் தவிர வேறு பலன் இல்லை. "குதிரை மருந்து பூசினால் ஓடுவியள் எண்டு பாத்தன், நடக்கக்கூட இல்லை" என்றாள் மனைவி குமுதினி.

முன்வீட்டு யோகராஜா தரையில் படுக்கச் சொன்னார். இவரும் தன் கையால் பதித்த சமையலறைத் தரையிலேயே போய்ப் படுத்தார். படுத்ததும் கண் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. பிரிஜ்ஜுக்குக் கீழே ஒரு டைல் அரை மில்லிமீற்றர் உயரமாக நிற்பது அப்போதுதான் தெரிந்தது. காலையில் உளியை எடுத்து அதை உடைத்துக் கிளப்பிப் புதிதாகப் பதித்தார். பிறகு நாலு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. இந்த மனிதரை என்னவென்று சொல்வது!

எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள். வெட்டிக்கொத்த வேண்டிய அளவுக்கு ஒன்றும் இல்லை, நோ சிகிச்சைப் பிரிவுக்கு எழுதுகிறேன் என்றார் குடும்ப டாக்டர். அங்கே பத்துக் கிழமை வகுப்பு ஒன்று இருக்கிறது, நீண்டகால நோவோடு அல்லாடுகிறவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். அதில் சேர்ப்பதற்கு முன் தொலைபேசியில் சில கேள்விகள் கேட்பார்களாம்.

அந்த அழைப்பு வந்தபோது வாமதேவன் வீட்டுக்குள் வாசல் நடையில் மல்லாந்து கிடந்தார். சப்பாத்து எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்து, எழும்ப முடியாமல் முக்கால் மணித்தியாலமாகக் கிடக்கிறார். தோய்த்த உடுப்புக் கூடையோடு குமுதினி அவருக்கு மேலாகக் காலை எடுத்துவைத்துப் போய்வந்துகொண்டிருந்தாள். போன் நெஞ்சின் மேலே இருந்தது. பூச்சியம் என்றால் நோவே இல்லை, பத்து என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய ஆகக் கொடிய நோ, உங்களுடையது எத்தனை என்று ஒரு பெண்குரல் இங்கிலிஷில் கேட்டது.

வாமதேவன் கூரையைப் பார்த்தபடி நன்றாக யோசித்தார். பிறகு "நாலு" என்றார்.

உடுப்புக்கூடை குமுதினியின் கையிலிருந்து நழுவி அவருடைய காலில் விழுந்தது. அப்போதும் அவர் ஐந்தாக்கவில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. உங்கள் நோ மிதமானது என்பதில் மகிழ்ச்சி, வகுப்பு உங்களுக்குத் தேவைப்படாது, நல்வாழ்த்துகள். குமுதினி அதை வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நாலாம்! நிலத்திலை கிடந்துகொண்டு நாலாம்! என்னாலை ஏலாதப்பா இந்த மனுசனோடை."

மறுபடி டாக்டரிடம் போய், மறுபடி எழுதிப்போட்டு, மறுபடி காத்திருந்ததில் பதினாலு மாதம் போய்விட்டது. அதற்குள் நிலைமை மோசமாகிவிட்டது. தை மாதத்துக்குப் பிறகு அவரால் முழங்காலில் நிற்கவே முடியவில்லை. கூட்டாளி சுஜீத் பதிப்பார், இவர் கையில் ரசமட்டத்தோடு பின்னால் நின்று "அரை மில்லி ஏறிப்போச்சு", "அந்த மூலை பதிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். சுஜீத் நாற்பது வயதுக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன், சாதாரணமாக வாய்காட்டாதவர். அவரே ஒருநாள் பசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கடை நாரியைச் சுகமாக்குங்கோ, இல்லாட்டி நான் தனியச் செய்யப்போறன். நீங்கள் பின்னாலை நிண்டு பாக்கிறதிலை எனக்கு நாரி பிடிக்குது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த வாமதேவன் சாப்பிடவில்லை. டைல்ஸ் வேலை போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. அவர் பயந்துபோனார், சத்தியமாகப் பயந்துபோனார். நல்லவேளையாக அந்தக் கிழமையே கடிதம் வந்தது. ஃபாரஸ்ட் கேட் கிளினிக்கில் நேரில் சந்திப்பு. இதிலும் தேர்வாகாவிட்டால் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்று அடியில் ஒரு வரி இருந்தது.

"இந்தமுறை எட்டு" என்றாள் குமுதினி. "எங்கை, சொல்லுங்கோ பாப்பம். நான்தான் டாக்டர். எத்தினை?"

"ஆறு."

"எட்டு!"

"எட்டு எண்டால் மனுசர் கத்தோணும், குமுதினி. நான் கத்துறனானே?"

குமுதினிக்கு ஒரு யோசனை வந்தது. அளவுகோலை எப்படியாவது மேலே இழுக்கவேண்டும். "சரி, அந்தக் கதையை விடுங்கோ. சுவிஸிலை, பேர்ண் ஆஸ்பத்திரியிலை கோசிகா பிறக்கேக்கை எனக்கு இருபது மணித்தியாலம் நோ. பக்கத்திலை நிண்டனீங்கள்தானே. அதுக்கு எத்தினை போடுவியள்?"

உலகத்தில் எந்தக் கணவனும் யோசிக்காமல் பத்து என்று சொல்லித் தப்பிக்கொள்ள வேண்டிய கேள்வி. இவர் யோசித்தார். கண்ணை மூடி, விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"எட்டரை."

"எட்டரையோ?"

"இடையிலை ஒருக்கா நேர்ஸோடை பகிடி விட்டுச் சிரிச்சனீர். அதுக்கு ஒண்டரை குறைச்சனான்."

அதுதான் நான் முதலில் சொன்ன எட்டரை. இரண்டு நாள் பாண் ரொட்டியும் டின்மீனும் சாப்பிட்டார். குமுதினி அவரோடு பேசவில்லை, நோவைப் பற்றியும் விசாரிக்கவில்லை. அந்த இரண்டு நாளில் அவர் சமையலறை மேசையில் தனியே இருந்து ஏதோ எழுதினார், அழித்தார், திரும்ப எழுதினார். என்ன என்று அவளும் கேட்கவில்லை.

சந்திப்பு நாளன்று இருவரும் 86ஆம் நம்பர் பஸ்ஸில் போனார்கள். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எழும்பி இடம் கொடுத்தது. உட்கார்ந்தால் எழும்பேலாது என்பதால் இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார். குமுதினி அந்த இடத்தில் இருந்துகொண்டு முழு வழியும் எட்டு விரலைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

உள்ளே கூப்பிட்டது ஷெறோன் என்ற பிசியோதெரபிஸ்ட். வெம்பிளியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை, முப்பது வயது இருக்கும். "வாங்கோ அங்கிள், வாங்கோ அன்ரி" என்றதும் குமுதினிக்குப் பாதி உயிர் வந்தது. தமிழில் என்றால் தானே புகுந்து எட்டு என்று சொல்லிவிடலாம்.

"அங்கிள், பெயின் ஸ்கோர் எத்தினை?"

வாமதேவன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். குமுதினி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. அது பேச்சுப்போட்டியின் புள்ளித்தாள். பேச்சாளர் பெயர் என்ற இடத்தில் "நாரி நோ" என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

"சும்மா வாயிலை வாற மாதிரி நம்பர் சொல்லேலாது, பிள்ளை" என்றார் அவர். "தலைப்புத் தலைப்பாப் பிரிச்சுத்தான் போடோணும். அஞ்சு தலைப்பு. ஒண்டுக்கு இரண்டு மாக்ஸ்."

ஷெறோன் உரக்க வாசித்தாள். "தொடக்கம், ஒன்றரை. குறிப்பு: காலையில் கண் விழித்தவுடன் தயக்கமின்றி ஆரம்பிக்கிறார். குரல்வளம், ஒன்று. குறிப்பு: மாலையில் மட்டும் உச்சம். நேரக் கட்டுப்பாடு, ஒன்றரை. குறிப்பு: தினமும் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் பிந்துகிறார். பொருள் விட்டு விலகாமை, அரை. குறிப்பு: நாரியில் தொடங்கி இடதுகாலுக்குப் போய்விடுகிறார். முடிவுரை, பூச்சியம்." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "முடிவுரைக்கு ஏன் அங்கிள் ஒண்டும் இல்லை?"

"முடிக்கேல்லையே. ஆறு வருசமாப் பேசுறார், இன்னும் முடிக்கேல்லை."

ஷெறோனின் சிரிப்பு நின்றுவிட்டது. தாளை மேசையில் வைத்தாள். மொத்தம் என்ற இடத்தில் நாலரை என்று போட்டு இரண்டு கோடும் கீறியிருந்தார்.

"போட்டியிலை ஒராள் முடிக்காட்டி என்ன செய்வியள்?"

"மணி அடிப்பம். அதுக்கும் நிக்காட்டி மேடையிலை இருந்து இறக்குவம்." அவர் கொஞ்சம் முன்னுக்கு வந்தார். "இந்த வகுப்பிலை ஆளை இறக்குவியள்தானே?"

"இல்லை அங்கிள். பொய் சொல்லேலாது. நோ முழுக்கப் போகாது. அது பேசிக்கொண்டு இருக்கேக்கை நீங்கள் உங்கடை வேலையைச் செய்யிறது எப்பிடி எண்டு பழக்குவம். அவ்வளவுதான்."

வாமதேவனின் முகம் வாடிவிட்டது. ஆறு வருடமாக அவர் காத்திருந்தது அந்த மணிக்குத்தான். அப்படியொரு மணியே இல்லை என்று ஒரு சின்னப்பிள்ளை சொல்லிவிட்டது. "அப்ப என்னத்துக்கு இந்த வகுப்பு?" என்றார்.

அவ்வளவு நேரமும் வாயைக் கட்டிக்கொண்டிருந்த குமுதினி பொங்கிவிட்டாள்.

"என்னத்துக்கோ? எங்கடை சனம் விழாக்களிலை என்ன செய்யிறது? பிரதம விருந்தினர் ஏறி முக்கால் மணித்தியாலம் பேசுறார். ஆரும் கேக்கினமே? இஞ்சாலை வீட்டு விலை கதைப்பினம், அங்காலை சீலை விலை கதைப்பினம், பிள்ளையள் றோல்ஸ் தின்னுங்கள். அவர் பாட்டுக்குப் பேசுவார், சனம் தன்பாட்டுக்கு இருக்கும். பேசினதாலை ஆரும் செத்ததில்லை. முன்வரிசையிலை இருந்து ஒரு சொல் விடாமல் கேக்கிறது இந்த லண்டனிலை இவர் ஒராள்தான், பிள்ளை. நோவையும் அப்பிடித்தான் கேக்கிறார். காலமை முழிச்சவுடனை கண்ணை மூடிக்கொண்டு கிடந்து காது குடுக்கிறார், இண்டைக்கு எங்கை தொடங்குது எண்டு!"

ஷெறோன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்ரி, இதைச் சொல்லிக்குடுக்க நாங்கள் மூண்டு கிழமை எடுப்பம்" என்றாள். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். "ஆனா அங்கிள், இடம் குறைவு. ஏழுக்குக் கீழை எண்டால் எடுக்கமாட்டினம். நம்பரை நான் போடேலாது, அன்ரியும் போடேலாது. நீங்கள்தான் சொல்லோணும். நாலரைதானோ?"

வாமதேவன் தன் தாளைப் பார்த்தார். அது நேர்மையான தாள். அதில் எங்கே கூட்டுவது என்று உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தால் கூட்டியிருப்பார், பாவம்.

"குரல்வளத்துக்கு ஒண்டோ போட்டிருக்கிறியள்?" என்றாள் குமுதினி. இப்போது அவள் குரலில் கோபம் இல்லை. "குளியலறைக்குள்ளை பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுறியள். தண்ணிச் சத்தத்திலை எனக்குக் கேக்காது எண்டு நினைச்சுக்கொண்டு."

வாமதேவன் திடுக்கிட்டுப் பார்த்தார். "கேக்குதோ?"

"இரண்டு வருசமாக் கேக்குது. நான் வெளியிலை கதவோடை நிக்கிறனான். நீங்கள் முகம் கழுவுற சத்தம் வந்தாப் பிறகுதான் கீழை இறங்கிறனான்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கவலையாக இருந்தது. நோ தன் ஒருவரோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பதாக இத்தனை காலமும் நினைத்திருந்தார். கதவுக்கு வெளியே இவளையும் நிறுத்திவைத்து அது பேசியிருக்கிறது என்பது அவருடைய தாளில் எந்தத் தலைப்பின் கீழும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எட்டரை" என்றார்.

ஷெறோன் பதியப் போனாள். குமுதினி சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

"எட்டரை என்ரை. எட்டுப் போடும் பிள்ளை."

வகுப்பில் இடம் கிடைத்தது. பத்துக் கிழமையும் தவறாமல் போனார். ஒரேயடியாக மணிக்கணக்கில் குனிந்து நிற்காமல், இருபது நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் எழும்பி நடை என்று போனில் மணி வைத்துச் செய்யப் பழக்கினார்கள். மூச்சு விடுவதற்கும் பாடம் நடந்தது. அதில் இவர் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரரின் மூச்சில் பிழை பிடித்து, ஷெறோனிடம் பேச்சு வாங்கினார். எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது வீட்டுப்பாடம்: காலையில் விழித்ததும் காது கொடுக்காமல் உடனே வேறு ஏதாவது செய்யவேண்டும். முதல் கிழமைகளில் தோற்றுக்கொண்டே இருந்தார். பிறகு குமுதினி விடிந்ததும் விடியாததுமாகப் பக்கத்துவீட்டுக் கதைகளைத் தொடங்கிவிடுவாள், நாரி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிடும்.

வகுப்பு முடிந்த அடுத்த கிழமை வெம்பிளியில் ஒரு சமையலறை வேலை. சுஜீத் நம்பிக்கையில்லாமல்தான் கூட்டிப்போனார். வாமதேவன் முழங்கால் மெத்தையைப் போட்டு, அலமாரி விளிம்பைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கினார். போனில் இருபது நிமிடம் வைத்தார். மூன்றாவது டைலில் நாரி தொடங்கியது. அவர் பல்லைக் கடித்ததில் சுஜீத் அதைக் கண்டுகொண்டு பசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடாப்பா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உன்ரை மச்சாளின்ரை கலியாணத்துக்கு மண்டபம் பிடிச்சாச்சோ?"

பன்னிரண்டு வருடக் கூட்டில், வேலைநேரத்தில் மில்லிமீற்றரைத் தவிர வேறு எதையும் அண்ணை கேட்டதாகச் சுஜீத்துக்கு ஞாபகம் இல்லை. மலைத்துப்போய்ச் சொல்லத் தொடங்கினார். மண்டபம், சாப்பாடு, மாப்பிள்ளை பகுதி சைவச் சாப்பாடுதான் வேண்டும் என்று பிடிக்கிற அடம், இவர்கள் பகுதி ஆட்டிறைச்சி இல்லாவிட்டால் வரமாட்டோம் என்று பிடிக்கிற அடம். வாமதேவன் மாப்பிள்ளை பகுதியைத் திட்டிக்கொண்டே பதித்தார். வரிசை நகர்ந்தது. போனில் மணி அடித்தபோது பதினோரு டைல் பதிந்திருந்தது.

சுஜீத் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். எழும்பும்போது வாமதேவன் முகத்தைச் சுளித்ததை அவர் கவனித்தார்.

"நாரி என்ன மாதிரி, அண்ணை? இண்டைக்கு எத்தினை மாக்ஸ் போடுறியள்?"

வாமதேவன் பழக்கத்தில் கண்ணை மூடினார். விரலை மடித்தார். பிறகு கண்ணைத் திறந்து, கொஞ்சம் கூச்சத்தோடு சுஜீத்தைப் பார்த்தார்.

"ஆள் பேசிக்கொண்டுதான் இருந்தவர், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா என்ன பேசினவர் எண்டு கேட்டிடாதை. நான் கவனிக்கேல்லை."